‘ஆண்மை ஊசி’... யாருக்குத் தேவை, யாருக்கு ஆபத்து?

கல்யாணமாகி மூன்று வருடங்கள். குழந்தை இல்லை. சொந்தக்காரர்கள் ஜாடைமாடையாகப் பேச, மனைவி மட்டும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று அலைகிறார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் கணவரையும் வரச்சொல்கிறார் டாக்டர். ஜிம்மில் முறுக்கேற்றிய உடம்பு. ‘எனக்கென்ன டாக்டர் குறை?’ என்று சிரிக்கிறார். ரிப்போர்ட் வருகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கை பூஜ்யம்!

‘ஜிம்முல ஏதாச்சும் ஊசி போட்டீங்களா?’ என்று டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. அது டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

ஆண் ஹார்மோன் குறைந்தால்தானே குழந்தை பிறக்காது? அதையே ஊசியாகப் போட்டால் எப்படிக் குறை வரும்? நியாயமான சந்தேகம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது விதைப்பை. ‘சுரக்கலாம்’ என்று அதற்கு உத்தரவு கொடுப்பது, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. வெளியிலிருந்து ஹார்மோன் உள்ளே போனதும், ‘ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதே’ என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். விதைப்பை வேலையை நிறுத்தும். விந்தணு உற்பத்தி சரியும். விதைப்பையே சுருங்கவும் கூடும்.

இதை வைத்து உலக சுகாதார நிறுவனம், வாரம் 200 மி.கி டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதங்களுக்குள் விந்தணு பூஜ்யமானது. கருத்தடைக்காகச் சோதித்த மருந்தைத்தான் ‘ஆண்மை கூடும்’ என்று நம்பி இளைஞர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

யாருக்கு உண்மையிலேயே தேவை?

இந்த மருந்தைக் குறைசொல்லிப் பயனில்லை. கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் ‘க்ளைன்ஃபெல்டர்’ பாதிப்புள்ளவர்கள், பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் விதைப்பை பாதிக்கப்பட்டவர்கள்... இவர்களுக்கு இது பெரிய வரம். தாம்பத்ய ஆர்வம், எலும்பின் வலு, ரத்த அளவு எல்லாம் மேம்படும்.

ஆனால், ‘வயசாகுது, சோர்வா இருக்கு’ என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. வயதானதால் மட்டும் ஹார்மோன் குறைந்தவர்களுக்கு இதன் பாதுகாப்பும் பலனும் நிரூபிக்கப்படவில்லை என்று 2015-லேயே எச்சரித்தது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தூக்கமின்மை, தொப்பை, சர்க்கரைநோய், மன அழுத்தம், குடி... இவையும் சோர்வைத் தரும். பலருக்கு எடையைக் குறைத்தாலே ஹார்மோன் அளவு ஏறிவிடும்.

ஒரு டெஸ்ட் போதாது!

டெஸ்டோஸ்டிரோன் காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். சாப்பிட்ட பிறகும், காய்ச்சல் நேரத்திலும் குறையும். சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஊசி போட்டுக்கொள்வது தவறு. காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுத்த பரிசோதனைகளிலும் அளவு குறைந்திருக்க வேண்டும்; அறிகுறிகளும் இருக்க வேண்டும். அளவு 300-க்குக் கீழே போனால் குறைவு என்பது பல டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு.

இதயத்துக்கு ஆபத்தா?

ஹார்மோன் குறைந்த, இதயநோய் ஆபத்துள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. டாக்டர் கண்காணிப்பில் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அதிகரிக்கவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டியும் சற்று கூடுதலாக இருந்தன. சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டியாவது, முகப்பரு, மார்பு பெருப்பது போன்றவையும் வரலாம். அதனால்தான் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ரத்த அளவையும் புராஸ்டேட்டையும் அவ்வப்போது பரிசோதிக்கிறார்கள். ஜிம்மில் மருந்தின் அளவு பல மடங்கு. கண்காணிப்போ கிடையாது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால்?

முதலில், டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் விந்தணுக்கள் திரும்பிவிடும். சிலருக்கு இரண்டு வருடங்கள்கூட ஆகலாம். நீண்ட நாள் அதிக அளவில் போட்டவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். இடைப்பட்ட காலத்தில் சோர்வும் மனச்சோர்வும் வாட்டும் என்பதால், டாக்டர் துணையோடு நிறுத்துவது நல்லது. ஹார்மோனும் குறைவு, குழந்தையும் வேண்டும் என்பவர்களுக்கு, உடல் தானாகவே சுரக்கத் தூண்டும் வேறு மருந்துகள் இருக்கின்றன.

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஜிம் டிரெய்னர் நீட்டினால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். டாக்டரே எழுதினாலும், ‘எங்களுக்குக் குழந்தை வேணும் டாக்டர்’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம், வீட்டில் ஒருத்தர் மட்டும் வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைவதைத் தடுக்கும்!