தோற்றால் துட்டு!

போன தீபாவளிக்கு என் மேலதிகாரி வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோடு போயிருந்தேன். அவர் பையன், எட்டாம் கிளாஸ், டி.வி. முன்னால் உட்கார்ந்து வீடியோ கேமில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். ''அங்கிள், ஒரு மேட்ச் வர்றீங்களா?'' என்றான். அதிகாரி வேறு சோபாவிலிருந்து புன்னகைக்கிறார். ப்ரமோஷன் லிஸ்ட் தயாராகிற நேரம். என்ன செய்வது? நேரே வந்த பந்துக்கெல்லாம் மட்டையை விலக்கி வழிவிட்டேன். முப்பத்தோரு ரன்னில் ஆல் அவுட்!

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, ''த்ரீ ட்வென்ட்டி டூவா அங்கிள்?'' என்றான்.

திருதிருவென்று விழித்தேன். அப்புறம் விசாரித்தால், அது கேம் ஆடுகிற பசங்க மத்தியில் உலகம் பூரா புழங்குகிற வசவாம்!

'டோட்டா 2' என்று ஒரு ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். அதில் ரஷ்யாக்காரர் அலெக்ஸி பெரெஸின் பெரிய கை. ஆட்டப் பெயர் 'சோலோ'. 2013-ல் ஸ்டார்லேடர் போட்டியில், தன் அணி தோற்கும் என்று தானே நூறு டாலர் பந்தயம் கட்டினார். தோற்றார்கள். கைக்கு வந்தது 322 டாலர். மாட்டிக்கொண்டார். முதலில் ஆயுள் தடை; அப்புறம் போனால் போகிறதென்று ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். மனுஷன் திரும்பி வந்து 2018-ல் விர்ட்டஸ் புரோ அணிக்குக் கேப்டனாக புகாரெஸ்ட் மேஜரையே ஜெயித்தார். மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர்! ஆனாலும் என்ன? டோட்டாவில் எவன் எங்கே சொதப்பினாலும் இன்றைக்கும் '322' என்றுதான் கத்துகிறார்கள்.

கொரியாக் கதை இன்னும் மோசம். லீ சியுங்-ஹியுன் 2014-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 உலக சாம்பியன்; பரிசு ஒரு லட்சம் டாலர். மீசை முளைக்கிற வயசு. அடுத்த வருஷமே, இரண்டு ஆட்டத்தில் தோற்க ஏழு கோடி வோன் வாங்கினார். 2016-ல் கைது. சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். வாங்கிய அதே ஏழு கோடிக்கு அபராதம், ஆயுளுக்கும் தடை.

2014-ல் அமெரிக்காவில் ஒரு 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' அணி வேண்டுமென்றே தோற்றது. கூலி என்ன தெரியுமோ? ரொக்கமில்லை சார், கேமுக்குள் இருக்கிற துப்பாக்கிக்கு அடிக்கிற கலர் டிசைன்! அதற்கும் ஆயிரக்கணக்கில் டாலர் விலை உண்டாம். அணியில் ஒரே ஒருவர், 'ஸ்கடூடுல்', பங்கு வாங்கவில்லை. 2015-ல் மற்றவர்களுக்குத் தடை விழுந்தது, அவர் தப்பினார். 2018 ஜனவரியில் பாஸ்டன் மேஜர் கோப்பையைத் தூக்கிய அணியில் அவரும் ஒருவர்.

காசே வாங்காமல் தோற்கிற ரகமும் உண்டு. தோற்கத் தோற்க ரேட்டிங் இறங்கும். கம்ப்யூட்டர் உங்களைக் கத்துக்குட்டிகளோடு கோத்துவிடும். பிறகு அவர்களைத் துவைத்து எடுக்கலாம். புதுக் கணக்குத் திறந்து புதுசு மாதிரி வருவதும் இதே நோக்கத்தில்தான். 2023 செப்டம்பரில் டோட்டாவில் மட்டும் இப்படி 90,000 கணக்குகளை மூடினார்கள். எங்கள் ஆபீஸிலும் ஒருத்தர் இருக்கிறார். ''எக்ஸெல் எனக்கு வராது சார்'' என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டு, சாயங்காலம் தன் சீட்டுக் கணக்கை எக்ஸெலில் போட்டுக்கொண்டிருப்பார்!

பொங்கலுக்கு மறுபடி அதிகாரி வீடு. ''இந்தத் தடவை ஒழுங்கா ஆடணும்'' என்று பையன் கறாராகச் சொல்லிவிட்டான். ஆடினேன். நிஜமாகவே ஆடினேன். விரல் கட்டைவிரல் எல்லாம் வலிக்க, கடைசி ஓவர் வரை இழுத்துக்கொண்டு போய் நாலு ரன்னில் தோற்றேன்.

''த்ரீ ட்வென்ட்டி டூ!'' என்று எழுந்து போய்விட்டான். அம்மா சத்தியம் என்று கூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்ப மாட்டேன் என்கிறான்.