பொது அச்சுப்பொறியும் உரிமை வரம்பும்

ஓர் அலுவலகத்தில் பத்துக் கணிப்பொறிகள் இருக்கும். அச்சுப்பொறி ஒன்றே இருக்கும். அவை யாவும் ஒரே வலையமைப்பில் பிணைக்கப்பட்டிருக்கும். பத்துப் பேரும் அதில் அச்சிடலாம். ஆயின், பத்துப் பேரும் அதன் அமைப்புகளை மாற்றலாமா? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

மாணவர்களே, என் அனுபவம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் பணியாற்றிய பள்ளியொன்றில், கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்லவேண்டிய மாணவர் பலர் நன்னடத்தைச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றனர். அச்சுப்பொறியோ ஒரு தாளையும் வெளியிடாது சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. தாள் இருந்தது, மை இருந்தது. ஒரு மணி நேரம் தேடிய பின்னரே காரணம் புலப்பட்டது. யாரோ ஒருவர், தம் கடிதம் ஒன்றின் பொருட்டு, எல்லோர்க்கும் பொதுவான தாளளவை ஏ4 என்பதிலிருந்து 'லெட்டர்' என மாற்றியிருந்தார். முன்னது 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. பின்னது அமெரிக்க நாட்டு அளவு. அகலத்தில் சற்று மிகுந்தும் நீளத்தில் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் குறைந்தும் இருப்பது. தட்டில் இல்லாத தாளைக் கேட்டுப் பொறி காத்து நின்றது! அவர் தீய எண்ணத்தால் அதனைச் செய்தாரல்லர். மாற்றும் உரிமை அவர்க்கு இருந்ததே பிழை. எஞ்சிய சான்றிதழ்களை நாங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். அதற்குள் இருவர் பேருந்தைத் தவறவிட்டனர்.

விண்டோஸ் இயங்குதளத்தில் இதற்கென மூன்று உரிமைகள் வகுக்கப்பட்டுள்ளன. அச்சிடும் உரிமை ஒன்று. வரிசையில் நிற்கும் ஆவணங்களை நிறுத்தவும் நீக்கவுமான உரிமை மற்றொன்று. அச்சுப்பொறியையே நிருவகிக்கும் உரிமை மூன்றாவது. பொறியைப் பொதுவாக்கும்போது முதல் உரிமை இயல்பாகவே அனைவர்க்கும் கிடைக்கிறது. தாம் அனுப்பிய ஆவணத்தைத் தாமே நீக்கிக்கொள்ளவும் இடமுண்டு. பிறர் ஆவணத்தில் கை வைத்தல் இயலாது. மூன்றாம் உரிமையை ஓரிருவரிடம் நிறுத்துதலே முறை. இதனால் ஏனையோர் கட்டுண்டு போவர் என்று அஞ்ச வேண்டா. தாளின் இரு பக்கமும் அச்சிடுதல், படிகளின் எண்ணிக்கை முதலியவற்றை அவரவர் தம் ஆவணத்திற்கென்று தேர்ந்துகொள்ளலாம். பொது அமைப்பு மாறாது.

அமைப்பு மாறினால் தாளும் நேரமுந்தானே வீணாகும் என்று நினைத்துவிடலாகாது. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் 'டிரைவர்' எனப்படும் இயக்கு நிரல் ஒன்று கணிப்பொறியில் நிறுவப்படுகிறது. விண்டோசில் அதனை ஏற்று நடத்தும் அச்சுப் பணி நிரல், கணிப்பொறியின் மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்குவது. 2021-ஆம் ஆண்டில் அந்நிரலில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் பெற்ற அக்குறையின் வழியே, எளிய பயனாளர் ஒருவரும் தீய நிரலொன்றை இயக்கு நிரல்போல் புகுத்தி, கணிப்பொறி முழுவதையும் கைக்கொள்ள முடிந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு ஜூலையில் அவசரத் திருத்தம் வெளியிட்டது; வலையமைப்பின் வழியே இயக்கு நிரல் நிறுவுதற்கு நிருவாகியின் உரிமை வேண்டும் என்பதை ஆகஸ்டில் இயல்பான விதியாக்கியது. ஒவ்வொருவர்க்கும் அவர் பணிக்கு வேண்டிய அளவே உரிமை தருக என்னும் நெறியை, சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975-லேயே ஒரு கட்டுரையில் வகுத்துரைத்திருந்தனர்.

பலர் மறந்துவிடும் வாயில் இன்னொன்றுண்டு. இக்கால அச்சுப்பொறிகள் பலவற்றிற்குத் தமக்கெனவே ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. பொறியின் வலையமைப்பு முகவரியை உலாவியில் இட்டால் அது திறக்கும். கணிப்பொறியில் உரிமைகளையெல்லாம் செவ்வனே வரையறுத்துவிட்டு, இப்பக்கத்திற்குத் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே விட்டுவைப்பது, தலைவாயிலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்டது போலாம்.

உரிமையை ஆளின் பெயர்க்குத் தராமல் ஒரு குழுவிற்குத் தருவது நலம். எழுத்தர் மாறுதலாகிச் சென்றால் அவர் பெயரைக் குழுவினின்றும் நீக்கினால் போதுமன்றோ? எங்கள் பள்ளியில் பின்னர் அவ்வாறே செய்தோம். நிருவகிக்கும் குழுவில் கணிப்பொறி ஆசிரியரும் எழுத்தர் ஒருவருமே இருந்தனர். தலைமையாசிரியனாகிய எனக்கு அச்சிடும் உரிமை மட்டுமே இருந்தது.