கடல் கடந்த யாத்திரைக்குக் காப்புறுதி

நெகிரி செம்பிலானில் பகாவ், தம்பின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் பழநி, மதுரை, இராமேசுவரம் எனத் தமிழ்நாட்டுக்கு யாத்திரை செல்வோர் உளர். "சொக்சோ இருக்கிறதே, பயமென்ன?" என்று சிலர் கூறக் கேட்கிறோம். 1971-இல் தொடங்கிய சொக்சோவின் தொழில் விபத்துத் திட்டம், வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் ஏற்கும். யாத்திரையில் வரும் நோயை ஏற்காது.

உள்நாட்டுப் பயணத்தில் பெருங்கவலை இல்லை. பினாங்கில் காய்ச்சல் கண்டாலும், அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் குடிமக்கள் செலுத்துவது 1 ரிங்கிட்டே. கடல் கடந்தால் இச்சலுகை கிடையாது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் முன்பணம் கேட்பார்கள்.

ஆகவே, விமானம் ஏறுமுன்பே காப்புறுதி எடுத்தல் வேண்டும். கட்டணம் மலிவா என்பதைவிட, முன்பே உள்ள நோய் குறித்த விதியையே நாம் முதலில் படிக்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றால் விளையும் செலவைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. அதனை முகவர் வலிய வந்து சொல்வார் என்று காத்திருத்தல் வேண்டா, நாமே கேட்போம். நோயை மறைத்துக் கையொப்பமிட்டால், பின்னர் இழப்பீட்டுக் கோரிக்கை தள்ளப்படலாம். முதியோரை அழைத்துச் செல்வோர் வயது வரம்பையும், இறப்பு நேரின் உடலைத் தாயகம் கொணரும் செலவு அடங்குமா என்பதையும் கேட்டறிதல் நன்று. காப்புறுதி நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண்ணை உடன் வருவோரிடமும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.