மாந்தோலும் ஆட்டுக்குட்டியும்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாம்பழக்கூழ் ஆலைகள் பல உண்டு. கூழ் எடுத்தபின் எஞ்சுவன தோலும் கொட்டையும். பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவையே. குவிந்து அழுகும் இத்தோல், பால் மறந்து வளரும் செம்மறிக்குட்டிக்கு உணவாகுமா? ஆகும்; ஆனால் அளவறிந்து கொடுத்தல் வேண்டும்.

தோலில் சர்க்கரை மிகுதி. குட்டியின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை விரைந்து புளிக்கச் செய்கின்றன. பழக்கமில்லாத குட்டி ஒரே வேளையில் நிறையத் தின்றுவிட்டால், புளிப்பு மிகுந்து இரைப்பை செயலற்றுப் போகும், உயிரும் போகலாம். இனிப்பைக் கண்டால் நிறுத்தத் தெரியாமை பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று! ஆகவே முதலில் உலர்புல்லைத் தின்னவிட்டு, தோலின் அளவை இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும்.

தசை வளர்வது புரதத்தால் அன்றோ? உலர்ந்த தோலில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கே. வளரும் குட்டிக்கு வேண்டுவதோ 14 பங்குக்குக் குறையாது. கடலைப் பிண்ணாக்கு அக்குறையை நிரப்பும். கொட்டையினுள் இருக்கும் பருப்போ துவர்ப்பு மிக்கது. நீரில் ஊறவைத்து வடித்தால் துவர்ப்புக் குறையும்.

ஈரத்தோலை வெயிலில் உலர்த்தலாம். அல்லது நறுக்கிய வைக்கோலுடன் கலந்து, காற்றுப் புகாமல் குழியில் மிதித்து மூடலாம். பூஞ்சணம் பூத்த தோலை, எத்துணை மலிவாகக் கிடைப்பினும், குட்டியின் முன் வைத்தல் கூடாது.