பையன் துப்பாக்கி ஸ்டாண்டு கேட்டால்...

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகிக் கதிர் முற்றினால் யானையும் பன்றியும் இறங்கிவிடும். பரணில் அப்பாவோடு காவலுக்குப் படுக்கும் பையன், செல்போனில் வெளிநாட்டு வேட்டை வீடியோ பார்த்துவிட்டு, துப்பாக்கி முன்னால் மாட்டும் இரட்டைக்கால் ஸ்டாண்டு கேட்கிறான்.

குழலின் பாரத்தை அது தாங்கும், கை நடுக்கம் குறையும். படுத்துச் சுடக் குட்டைக் கால், உட்கார்ந்து சுட நெட்டைக் கால். மேடுபள்ளத்துக்கு ஒவ்வொரு காலும் தனியாக நீள வேண்டும். ஆனால், இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரரா என்பதை எந்த ஸ்டாண்டும் காட்டாது.

1972-ம் வருடச் சட்டப்படி வேட்டையே குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைத்தான் சுடலாம். அதையும் வனத்துறைதான் சுடும். 21 வயது ஆகாதவர் கையில் நாட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தால், கொடுத்தவர் மீதும் வழக்கு வரும். பன்றிக்குப் போட்ட குண்டுக்காகக் கொல்லையை விற்று கோர்ட்டுக்கு அலைவதா?

சுடும் ஆசை தீராதென்றால் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 12 வயதிலிருந்தே இலக்குப் பயிற்சிக்கு விதிகளில் இடமுண்டு. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றபடி, கையில் தாங்கித்தான் சுட வேண்டும். அங்கே ஸ்டாண்டுக்கு வேலையில்லை. மேய்ந்துபோன ராகிக்கு, சேதத்தைப் போட்டோ எடுத்து வனத்துறையிடம் இழப்பீட்டு மனு கொடுக்கலாம். அந்தப் போட்டோவைப் பையனே எடுக்கட்டும்.