இருவாச்சிகளின் கூடமைப்புச் சூழலியல்

இருவாச்சிகளின் கூடமைப்புச் சூழலியல் என்பது, இருவாச்சிப் பறவைகள் எத்தகைய மரங்களில் கூடமைக்கின்றன, அடைக்கப்பட்ட கூட்டினுள் முட்டையும் குஞ்சும் எவ்வாறு பேணப்படுகின்றன, அவற்றின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காரணிகள் எவை என்பனவற்றை ஆராயும் துறை ஆகும். இது பறவையியலின் ஒரு பகுதி. இத்துறையின் தரவுகள் பெரும்பாலும் காட்டில் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்யப்படும் கள ஆய்வுகளின் வழியே பெறப்படுகின்றன.

இருவாச்சிகள் இயற்கையாக அமைந்த மரப்பொந்துகளில் கூடமைக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை பொந்தினுள் புகுந்து வாயிலை ஒரு சிறு பிளவு மட்டும் எஞ்சும்படி அடைத்துக்கொள்கிறது. எனவே உள்ளே நிகழ்வதை ஆய்வாளர் நேரில் காண இயலாது. மேலும், பொந்து கிடைக்காத இணைகள் கூடமைக்கவே மாட்டா என்பதால் அவை கூடுகளின் கணக்கெடுப்பில் இடம்பெறுவதில்லை. இவ்விரு தடைகளையும் எவ்வாறு கடப்பது என்பதே இத்துறை ஆய்வுமுறைகளின் மையச் சிக்கல் ஆகும்.

பறவையும் பரவலும்

இருவாச்சிகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் வெப்ப மண்டலப் பகுதிகளிலும் வாழ்கின்றன. உலகில் ஏறத்தாழ 60 இனங்கள் உள்ளன. இந்தியாவில் ஒன்பது இனங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பெரிய இருவாச்சி, மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி, இந்தியச் சாம்பல் இருவாச்சி ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் உள்ளன. அலகின் மேல் மற்றோர் அலகு போல அமைந்த புடைப்பினால் இப்பறவை இருவாய்ச்சி எனவும் வழங்கப்படுகிறது.

பெரிய இருவாச்சி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. இது மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில் காணப்படுகிறது. கேரளம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் மாநிலப் பறவையும் இதுவே.

கூடமைக்கும் முறை

தரை இருவாச்சிகள் நீங்கலாக ஏனைய இருவாச்சி இனங்கள் அனைத்தும் கூட்டின் வாயிலை அடைக்கும் பழக்கம் உடையவை. எச்சம், உணவு எச்சங்கள், மண் ஆகியவற்றைக் குழைத்து அலகினால் அப்பி இவ்வடைப்பு உருவாக்கப்படுகிறது. அது உலர்ந்ததும் கெட்டியாகி விடுகிறது. அடைப்பில் விடப்படும் பிளவு, ஆண் பறவையின் அலகு நுனி நுழையும் அளவே அகலம் உடையது. உணவு உள்ளே செல்வதும் எச்சம் வெளியே தள்ளப்படுவதும் இப்பிளவின் வழியேதான்.

பெரிய இருவாச்சி ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் இடும். ஏறத்தாழ நாற்பது நாட்கள் அடைகாக்கும். பெரும்பாலும் ஒரு குஞ்சே வளர்ந்து வெளிவருகிறது. உள்ளிருக்கும் காலத்தில் பெண் பறவை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன பெறுகிறது. பெண் உள்ளே நுழைவது முதல் குஞ்சு பறந்து வெளியேறுவது வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன. தாய் முதலில் வெளியேற, குஞ்சு உள்ளிருந்தபடியே வாயிலை மீண்டும் அடைத்துக்கொள்வதும் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இவ்வமைப்பின் பயன் பாதுகாப்பு ஆகும். குரங்கு, மரநாய், உடும்பு போன்றவை உள்ளே நுழைவது கடினம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பெண்ணும் குஞ்சும் முழுவதும் ஆண் பறவையைச் சார்ந்துள்ளன. ஆண் பறவை வேட்டையாடப்பட்டால் அவ்வாண்டின் குஞ்சையும் இழக்க நேரிடும். பெண் பறவையின் உயிருக்கும் அது கேடாகலாம்.

அடைபட்ட கூட்டை ஆராயும் முறைகள்

கூட்டினைக் கண்டுபிடித்தல்

இனப்பெருக்கக் காலத்தில் தனியே பறந்து செல்லும் ஆண் பறவையைப் பின்தொடர்வதும், மரத்தடியில் குவிந்துள்ள எச்சத்தையும் விதைகளையும் தேடுவதும் வழக்கமான முறைகள். இருவாச்சிகள் ஒரே பொந்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்துவதால், ஒருமுறை கண்டறிந்த கூட்டை ஒவ்வோர் ஆண்டும் கண்காணிக்கலாம். காட்டை நன்கறிந்த உள்ளூர் மக்களின் உதவியின்றிக் கூடுகளைக் கண்டறிவது மிகவும் அரிது.

மறைந்திருந்து கவனித்தல்

கூட்டிற்குப் போதிய தொலைவில் மறைவிடம் அமைத்து, ஆண் பறவை வரும் நேரம், கொண்டுவரும் உணவு வகை, ஒவ்வொரு வருகையிலும் ஊட்டும் பழங்களின் எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்படுகின்றன. ஆண் பறவை பழங்களைத் தொண்டையில் சேமித்து வந்து ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கொடுப்பதால் அவற்றை எண்ண இயலும். மோரோ இணையர் கிழக்கு ஆப்பிரிக்காவின் அமானியில் வெள்ளிக்கன்ன இருவாச்சியை ஆராய்ந்து 1941 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓர் ஆண் பறவை ஏறத்தாழ 120 நாட்களில் 1,600 முறை வந்து 24,000 பழங்களை ஊட்டுவதாக இவ்வினத்தைப் பற்றி மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது, ஒரு வருகைக்குச் சராசரியாக 15 பழங்கள்.

விதைகளை எண்ணுதல்

கூட்டிலிருந்து வெளியே தள்ளப்படும் விதைகளை மரத்தடியில் சேகரித்து இனங்காண்பதன் மூலம் உணவுப் பட்டியல் தயாரிக்கப்படுகிறது. ஆய்வாளர் இல்லாத நேரங்களிலும் தரவு சேர்வது இம்முறையின் சிறப்பு. எனினும் இதில் ஒரு சாய்வு உண்டு. சாதிக்காய்க் குடும்ப மரங்களின் விதைகள் போன்ற பெரிய விதைகள் எளிதில் எண்ணப்படும். அத்திப்பழத்தின் விதைகளோ மிகச் சிறியவை ஆதலின் எண்ணிக்கைக்குள் வருவதில்லை. விதைக் குவியலை மட்டும் நம்பினால், இருவாச்சியின் முதன்மை உணவான அத்தியே பட்டியலில் இல்லாமற் போகும். ஆகவே விதை எண்ணுதலும் நேரடிக் கவனிப்பும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வகையில் சேர்த்தே செய்யப்படுகின்றன.

ஒளிப்படக்கருவி

சிங்கப்பூரில் ஆசியக் கருப்பு வெள்ளை இருவாச்சிகளுக்காகச் செயற்கைக் கூடுகள் அமைக்கப்பட்டு, அவற்றினுள் ஒளிப்படக்கருவிகள் பொருத்தப்பட்டன. வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாத பல செய்திகள் இதனால் தெரியவந்தன. முட்டைகள் இடைவெளி விட்டுப் பொரிப்பதால் குஞ்சுகள் வெவ்வேறு அளவில் இருப்பதும், சில வேளைகளில் தாயே இளைய குஞ்சைக் கொல்வதும் பதிவாயின. வெளிவந்த குஞ்சுகளை மட்டும் எண்ணுவது, பொரித்த குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் என்பதை இது உறுதிப்படுத்தியது.

பொந்தின் பற்றாக்குறை

மரங்கொத்திகளைப் போல இருவாச்சிகளால் மரத்தைக் குடைந்து பொந்து உருவாக்க இயலாது. கிளை முறிந்த இடத்தில் பூஞ்சை தாக்கி, உள்மரம் நாளடைவில் உளுத்துப் போவதாலேயே பெரும்பாலான பொந்துகள் உருவாகின்றன. ஒரு பெரிய இருவாச்சி குஞ்சுடன் தங்கும் அளவுக்குப் பொந்து விரிய வேண்டுமெனில் மரமும் அதற்கேற்பப் பருத்திருக்க வேண்டும். இதற்குப் பல பத்தாண்டுகள் தேவை.

பறவைகள் எத்தகைய மரத்தைத் தேர்வு செய்கின்றன என்பதை அறிய, கூடுள்ள மரங்களின் அளவுகள் மட்டும் போதா. காட்டில் பொதுவாகக் கிடைக்கும் மரங்களின் அளவுகளோடு அவற்றை ஒப்பிட வேண்டும். தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மலபார் சாம்பல் இருவாச்சியின் கூடுகளைப் பற்றி திவ்யா முடப்பா, ரகுபதி கண்ணன் ஆகியோர் 1997 இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையைக் கையாண்டது. கூடுள்ள மரங்கள் ஏனைய மரங்களைவிடப் பருமனானவை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று.

பொந்துகள் நிலையானவையும் அல்ல. மரம் வளர வளர வாயில் குறுகி மூடிக்கொள்வதும், உட்தளம் உளுத்துக் கீழிறங்குவதும் நிகழ்கின்றன. தளம் மிகவும் தாழ்ந்துவிட்டால் உள்ளிருக்கும் பறவையால் வாயிலை எட்டி உணவு பெற இயலாது. எனவே, மரம் நின்றுகொண்டிருக்கும்போதே கூடு பயனற்றுப் போகக்கூடும். தாய்லாந்தில் வாயிலை அகலப்படுத்தியும் உட்தளத்தை மண்ணிட்டு உயர்த்தியும் இத்தகைய பொந்துகள் சீரமைக்கப்பட்டுள்ளன.

கூடு வெற்றி வீதமும் அதன் எல்லையும்

தொடங்கப்பட்ட கூடுகளில் எத்தனை கூடுகளிலிருந்து குறைந்தது ஒரு குஞ்சேனும் பறந்து வெளியேறியது என்னும் விகிதம் கூடு வெற்றி வீதம் எனப்படும். வாயில் அடைக்கப்படுவதால் இருவாச்சிகளில் இவ்வீதம் பொதுவாக உயர்ந்தே காணப்படுகிறது. திறந்த கிண்ணக் கூடு கட்டும் பல சிறு பறவைகளில் இது மிகக் குறைவு.

ஆயினும் உயர்ந்த வெற்றி வீதம், இனம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. எடுத்துக்காட்டாக, ஒரு காட்டில் 20 இணைகளும் 20 தகுந்த பொந்துகளும் இருப்பதாகக் கொள்வோம். 20 கூடுகளில் 16 வெற்றி பெற்றால் வீதம் 80 விழுக்காடு. வெளிவரும் குஞ்சுகள் 16. பெரிய மரங்கள் வெட்டப்பட்டுப் பொந்துகள் ஐந்தாகக் குறைந்தால், ஐந்து இணைகளே கூடமைக்கும். அவற்றுள் நான்கு வெற்றி பெற்றாலும் வீதம் அதே 80 விழுக்காடுதான். ஆனால் குஞ்சுகள் நான்கே. எஞ்சிய 15 இணைகள் கூடு தொடங்கவே இல்லை என்பதால் அவை வகுக்கும் எண்ணில் இடம்பெறவில்லை.

இருவாச்சிகள் நீண்ட ஆயுள் கொண்டவை என்பது இச்சிக்கலை மேலும் மறைக்கிறது. கூடமைக்க இடமற்ற முதிர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் காட்டில் பறந்துகொண்டிருக்கும். பறவைகளை மட்டும் எண்ணுவோருக்குக் குறைவு உடனே தெரியாது. அவை முதுமையில் இறக்கும்போது அவற்றின் இடத்தை நிரப்ப இளம் பறவைகள் இரா. இதன் காரணமாகவே தற்கால ஆய்வுகள் கூடு வெற்றியுடன், கிடைக்கும் பொந்துகளின் எண்ணிக்கை, ஓராண்டில் கூடமைத்த இணைகளின் எண்ணிக்கை, கூட்டு மரங்களின் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்கின்றன.

முக்கிய கள ஆய்வுகள்

ஆனைமலை: 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன், டக்ளஸ் ஜேம்ஸ் ஆகியோர் ஆனைமலையில் பெரிய இருவாச்சியின் இனப்பெருக்கத்தையும் காட்டு மரங்களின் பழுக்கும் பருவத்தையும் ஒருங்கே ஆராய்ந்தனர். கூடமைக்கும் காலம், பருவமழைக்கு முன் பழங்கள் மிகுந்திருக்கும் காலத்தோடு பொருந்துவதையும், அத்தி மரங்களின் இன்றியமையாமையையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். அத்தி இனங்கள் வெவ்வேறு மாதங்களில் பழுப்பதால் ஆண்டு முழுவதும் உணவு கிடைக்கிறது. அருகிலுள்ள வால்பாறைப் பீடபூமியில், காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக விட்டுவைக்கப்பட்ட பழைய காட்டு மரங்களிலும் பெரிய இருவாச்சிகள் கூடமைப்பது பின்னர் பதிவு செய்யப்பட்டது.

காவ் யாய்: தாய்லாந்தின் காவ் யாய் தேசியப் பூங்காவில் பிலாய் பூன்சுவாட் 1978 இல் ஆய்வைத் தொடங்கினார். நான்கு இருவாச்சி இனங்கள் ஒரே காட்டில் கூடமைக்கும் இடம் இது. தென் தாய்லாந்தின் பூடோ மலைப்பகுதியில், முன்னர் குஞ்சுகளைத் திருடி விற்றவர்களே ஊதியம் பெறும் கூட்டுக் காவலர்களாகவும் தரவு சேகரிப்பவர்களாகவும் ஆயினர். நகர மக்கள் கூடுகளைத் தத்தெடுத்து அதற்கு நிதி வழங்கினர். இப்பணிக்காக 2006 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது.

பக்கே: அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகப் பகுதியில் அபராஜிதா தத்தா நீண்டகாலமாக ஆய்வு செய்து வருகிறார். 2011 இல் வனத்துறை, நிசி மக்களின் ஊர்த்தலைவர்கள் ஆகியோருடன் இணைந்து கூடு தத்தெடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. காப்பகத்திற்கு வெளியே உள்ள கூட்டு மரங்களை உள்ளூர் மக்களே காக்கின்றனர். நிசி மக்கள் தலையணியில் சூடிவந்த இருவாச்சி அலகுக்கு மாற்றாகச் செயற்கை அலகுகளும் அங்கு அறிமுகப்படுத்தப்பட்டன.

வாழச்சால்: கேரளத்தின் வாழச்சால் வனப்பகுதியில், 2000களிலிருந்து காடர் பழங்குடி மக்கள் வனத்துறையுடன் இணைந்து கூடுகளைக் கண்காணித்து வருகின்றனர்.

காப்பு நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018 இல் பெரிய இருவாச்சியை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது. இந்தியாவில் இது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

வேட்டையைத் தடுப்பதும் காட்டின் பரப்பைக் காப்பதும் தேவையானவையே எனினும், அவை மட்டும் போதா என்பதை மேற்கண்ட ஆய்வுகள் உணர்த்துகின்றன. செயற்கைக்கோள் படத்தில் பசுமையாகத் தெரியும் காட்டிலும் பொந்துள்ள முதிர்ந்த மரங்கள் இல்லாதிருக்கலாம். புதிதாக நடப்படும் மரக்கன்று, இருவாச்சிக்கு ஏற்ற பொந்துடையதாக முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை, உளுத்த மரம் எனக் கருதி அகற்றப்படும் ஒவ்வொரு பெருமரமும் இருவாச்சிகளுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். பெரிய விதைகளையுடைய பல மழைக்காட்டு மரங்களின் விதைகளைத் தாய்மரத்திலிருந்து தொலைவுக்குக் கொண்டுசெல்லும் பறவை இருவாச்சி என்பதால், பொந்துகளின் குறைவு காலப்போக்கில் காட்டின் மரக்கலவையையும் பாதிக்கும்.