வழிபாடு வழக்கமான பின்

திருவிழாக் காலங்களில் சொற்பொழிவு முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது அன்பர்கள் அருகில் வந்து ஐயங்களைக் கேட்பது உண்டு. முப்பொருள் இயல்பு பற்றியும், மூர்த்தங்களின் தத்துவம் பற்றியும் கேட்போர் பலர். அவர்களெல்லாம் விடைபெற்றுச் சென்று, பந்தலில் விளக்கணைக்கத் தொடங்கிய பிறகு, தயங்கித் தயங்கி ஒருவர் வருவார். அவர் கேட்பது வேறு. "நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் திருநீறு அணிகிறேன். பிரதோஷ வழிபாடு தவறியதில்லை. பதிகம் ஓதாமல் உணவு கொண்டதில்லை. ஆயினும் நெஞ்சில் ஒன்றும் நிகழவில்லை. வாய் ஓதுகிறது, மனம் கடைத்தெருவில் கணக்குப் பார்க்கிறது. இப்படிப் பூசை செய்வதைக் காட்டிலும் விட்டுவிடுவதுதானே நேர்மை?" என்பார். ஊர்கள் மாறினாலும் இக்கேள்வி மாறுவதில்லை. சில ஊர்களில் இதனைக் கேட்டவர் ஆலய அறங்காவலர். சில ஊர்களில் நாள்தோறும் தீபாராதனை காட்டும் சிவாசாரியர்.

இதனைச் சிறிய கேள்வி என்று எண்ணித் தள்ளிவிடல் ஆகாது. கடவுள் இல்லை என்பவன் இக்கேள்வியைக் கேட்கமாட்டான். சோம்பேறியும் கேட்கமாட்டான், அவன் கேளாமலேயே பூசையை நிறுத்தியிருப்பான். அன்பு இல்லையே என்று வருந்துவதற்கே ஓரளவு அன்பு வேண்டும். மணிவாசகப் பெருமான் தம்மிடம் அன்பு இல்லை என்று அழுதழுது பாடியவற்றைத்தான் நாம் திருவாசகம் என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். ஆகவே கேட்பவரை முதலில் அமைதிப்படுத்திவிட்டே விடை கூறத் தொடங்குவது எம் வழக்கம்.

இக்கேள்விக்கு உலகில் இரண்டு விடைகள் வழங்குகின்றன. "ஒன்றும் நினையாமல் செய்துகொண்டே இரும், தானே சரியாகும்" என்பது ஒன்று. "சடங்கு வெறும் புறச்செயல், உள்ளன்பே போதும், மற்றவற்றை விட்டுவிடும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எமக்கு உடன்பாடில்லை. முன்னது நோயாளியிடம் நோயே இல்லை என்று சொல்வது போன்றது. பின்னது இன்னும் கேடுடையது. ஏனெனில் அது கண்ணப்ப நாயனாரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வருகிறது. "கண்ணப்பர் எந்த ஆகமம் படித்தார்?" என்று கேட்டுவிட்டால் வாதம் முடிந்ததென்று நினைக்கிறார்கள். அந்தப் புராணத்தில் கண்ணப்பர் ஒருவர் மட்டுமா இருக்கிறார்? சிவகோசரியார் என்றொருவரும் இருக்கிறாரே!

திருக்காளத்தி மலையில் காளத்திநாதரை ஆகமநெறி வழுவாமல் நாள்தோறும் பூசித்து வந்த முனிவர் சிவகோசரியார். ஒருநாள் காலை பூசைக்கு வந்தவர், சந்நிதியில் இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்டு துடிதுடித்தார். வேடர் எவரோ செய்த தீமை என்று நொந்தார். எல்லாவற்றையும் அகற்றி, அலகிட்டு, பொன்முகலி ஆற்றில் மீண்டும் நீராடி, புனிதநீர் கொணர்ந்து, குறைவறப் பூசை செய்து திரும்பினார். மறுநாளும் அதே காட்சி. அதற்கடுத்த நாளும் அதுவே. அவர் தூய்மை செய்துவிட்டுப் போவதும், அவர் போன பின் திண்ணனார் வந்து ஊன் படைப்பதும், இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நிற்பதுமாக நாட்கள் சென்றன. இறைவன் இருவர் வழிபாட்டையும் ஏற்றுக்கொண்டிருந்தான் என்பதை இங்கே நாம் மறந்துவிடலாகாது. திண்ணனார் வந்துவிட்டார் என்பதற்காகச் சிவகோசரியாரின் மலரை அவன் தள்ளவில்லை.

சிவகோசரியார் மனம் பொறாது இறைவனிடம் முறையிட்டார். அன்றிரவு பெருமான் கனவில் தோன்றி, வேடன் செய்வதெல்லாம் தன்மீது வைத்த அன்பின் வடிவம் என்றும், நாளை மறைந்திருந்து பார்ப்பாயாக என்றும் அருளினான். இங்கேதான் நாம் கேட்டுவந்த கேள்விக்கு விடை இருக்கிறது. கனவு கண்டு எழுந்த முனிவர் அன்று காலை என்ன செய்தார்? "என் பூசையால் பயனில்லை, அந்த வேடனின் அன்பே உயர்ந்தது என்று இறைவனே சொல்லிவிட்டான், இனி எனக்கென்ன வேலை?" என்று இல்லத்தில் இருந்துவிட்டாரா? இல்லை. முன்னைய நாட்களைப் போலவே முகலியாற்றில் மூழ்கினார், மலை ஏறினார், முறைப்படி பூசையை நிறைவேற்றினார், அதன் பிறகே பெருமானுக்குப் பின்னே ஒளிந்து நின்றார். சேக்கிழார் பெருமான் இந்த வரிசையை மாற்றாமல் சொல்லிச் செல்கிறார். கண்ணைத் தோண்டி அப்பும் காட்சியில் நெஞ்சைப் பறிகொடுக்கும் நாம் இந்தச் சிறு செய்தியைக் கவனியாமல் கடந்துபோகிறோம்.

பூசை முடித்து மறைந்து நின்றவர் கண்டதென்ன? பெருமானின் ஒரு கண்ணில் குருதி பெருகியது. திண்ணனார் பதறினார், பச்சிலை பிழிந்தார், நிற்கவில்லை. தம் கண்ணையே அம்பினால் அகழ்ந்து அப்பினார், நின்றது. மற்றொரு கண்ணிலும் குருதி பெருகியபோது, இடம் தெரிவதற்காகத் தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு, எஞ்சிய கண்ணிலும் அம்பை ஊன்றினார். இறைவன் கை நீட்டித் தடுத்து, கண்ணப்பன் என்று பெயரிட்டு அழைத்தான். ஆறே நாளில் நிகழ்ந்தது இது. பல்லாண்டு பூசித்தவர் பின்னால் நின்று பார்த்தார். சிவகோசரியாருக்கு அதுவரை குறைவாக இருந்தது பூசை அன்று. அன்பு எப்படியிருக்கும் என்று நேரில் காணும் காட்சியே குறைவாக இருந்தது. அதை இறைவனே அவருக்குக் காட்டினான். பூசையை இடைவிடாமல் காத்து வந்தவராதலால் அவர் அந்த இடத்தில், அந்த நேரத்தில் இருந்தார்.

சாக்கிய நாயனார் வரலாறும் இத்தகையதே. காஞ்சியில் புத்தத் துறவியின் வேடத்தில் இருந்துகொண்டே சிவலிங்கத்தைக் கல்லெறிந்து வழிபட்டவர் அவர். எறிந்த பின்பே உண்பது என்பது நியமம். ஒருநாள் அதனை மறந்து உணவு கொள்ளப் புகுந்தார். நினைவு வந்ததும் உண்ணாமல் எழுந்து விரைந்தோடிக் கல்லை எறிந்தார். பெருமான் விடைமேல் காட்சி கொடுத்தான். எத்தனையோ நாள் எறிந்த கற்களுக்குக் கிடைக்காத காட்சி, மறந்து நினைந்து எறிந்த கல்லுக்குக் கிடைத்தது. ஆனால் முன்னெறிந்த கற்கள் இல்லையேல் மறப்பதற்கு ஒரு நியமம் ஏது? பதறி எழுவதற்குத்தான் ஏது?

இந்த வறட்சி நம் சமயத்தார்க்கு மட்டுமே நேர்வது என்று எண்ணவேண்டா. கிறித்தவ சமயத்தில் ஜான் வெஸ்லி (1703-1791) என்பவர் வரலாறு நம் கேள்விக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கற்று, 1728-இல் தாமும் குருவானவர் அவர். குறித்த நேரத்தில் செபம், வாரத்தில் இருநாள் உபவாசம், சிறையிலிருப்போரைச் சென்று காணுதல் என்று ஒரு சிறு குழுவாக முறை தவறாமல் வாழ்ந்தார்கள். அதைக் கண்ட மற்ற மாணவர்கள், முறை பிடித்தவர்கள் என்னும் பொருளில் 'மெதடிஸ்டுகள்' என்று அவர்களை எள்ளி நகையாடினார்கள். ஏளனமாக இட்ட அந்தப் பெயரே பின்னாளில் ஒரு பெரிய சபைக்குப் பெயராகி, நம் நாட்டுத் தேவாலயப் பலகைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது.

1735-இல் சமயப் பணிக்காக அவர் அமெரிக்காவிலிருந்த ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். வழியில் கடும் புயல். கப்பலிலிருந்த ஆங்கிலேயர் அலறினார்கள்; மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பத்தார் அச்சமின்றித் தோத்திரம் பாடிக்கொண்டிருந்தார்கள். சாவுக்கு அஞ்சி நடுங்கிய வெஸ்லி, தம்மிடம் முறை இருக்கிறது, உறுதி இல்லை என்று அன்று உணர்ந்தார். 1738-இல் மனம் சோர்ந்து இங்கிலாந்து திரும்பியவர், பீட்டர் போலர் என்ற மொராவியப் பெரியவரிடம், நம்பிக்கை இல்லாத நான் பிறருக்குப் போதிப்பதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். பந்தலில் விளக்கணைந்த பின் நம் அன்பர் கேட்ட அதே கேள்வி! நிறுத்தவேண்டா, நம்பிக்கை வரும்வரையில் அதனைப் பற்றியே பேசும், வந்த பின் வந்த காரணத்தாலேயே பேசுவீர் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். அவ்வாண்டு மே மாதம் 24-ஆம் நாள் மாலை, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு வெஸ்லி போனார். விருப்பமின்றியே போனதாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கே ஒருவர் பழைய உரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தபோதே தம் நெஞ்சம் இனந்தெரியாத வெம்மை கொண்டதை உணர்ந்தார் வெஸ்லி. அதன் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகக் குதிரைமேல் சென்று போதித்தார்.

இவ்வளவோடு இக்கதையை முடித்துவிடுவோர் உண்டு. யாம் மேலும் ஒன்று சொல்வோம். 1739 சனவரியில், அதாவது அந்த மாலை கழிந்து எட்டு மாதம் நிறையுமுன், தாம் இன்னும் கிறித்தவன் அல்லன் என்று அவர் நொந்து எழுதியிருக்கிறார். மூண்ட தீ மீண்டும் மங்கியிருக்கிறது. அவரோ முறையை விடவில்லை. அவர்தம் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆயினும் மனித நெஞ்சம் எரிவதும் அவிவதும் எங்கும் ஒரே தன்மையாகத்தான் இருக்கிறது.

இதனை நம் ஆகமங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. நித்தியம், நைமித்திகம் என்று வழிபாட்டை இரண்டாக வகுத்ததே இதனால்தான். நாள் வழிபாட்டில் நேரும் குறைகளை நிறைவு செய்யவே விழாக்கள் ஏற்பட்டன. அது மட்டுமன்று. திருக்கோயிலில் பீடத்தோடு திருமேனியைப் பிணைத்து நிறுத்துவது அட்டபந்தனம் என்னும் மருந்து. கொம்பரக்கு, சுக்கான், குங்குலியம், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்து இடித்துப் பதமாக்கிச் சாத்துவார்கள். சாத்தும்போது இளக்கமாக இருந்து பின்னர் இறுகிவிடும். நாள்தோறும் அபிடேகம் செய்யச் செய்யக் காலப்போக்கில் அது தளர்கிறது. வழிபாடே நடவாத இடத்தில் இந்தத் தளர்ச்சிக்கு இடம் ஏது? ஆதலால் மருந்து தளர்ந்தது கண்டு எவரும் வெட்கப்படுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் சாத்திக் குடமுழுக்குச் செய்வது நம் வழக்கம்.

திருப்பணி நடக்கும் காலத்தில் பூசையை நிறுத்திவிடுகிறோமா? இல்லை. மூலவரின் அருட்சத்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்ற சிறு ஆலயம் அமைத்து, அங்கே நித்திய பூசையை நடத்துகிறோம். இராசகோபுரம் இல்லை, பெரிய மணி இல்லை, பிரகாரம் இல்லை. ஒரு கொட்டகையே போதும். நெஞ்சம் வறண்டவர்க்கு யாம் கூறும் முதல் வழி இதுவே. நாற்பது ஆண்டு நியமம் பெரும் சுமையாகத் தோன்றினால் அதைச் சுருக்கிக்கொள்ளலாம். அறவே ஒழித்தல் ஆகாது. பத்துப் பதிகம் ஓதியவர் ஒரு பதிகம் ஓதட்டும். அந்த ஒன்றைப் பொருள் கேட்டு ஓதட்டும். எந்தத் தலத்தில், யார், எந்தத் துன்பத்தில் நின்று பாடியது என்று ஆசிரியர் ஒருவரை அணுகிக் கேட்டறியட்டும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நால்வகையாக நூல்கள் கூறும். தெரிந்த கதைதானே என்று முதற்படியாகிய கேட்டலையே நாம் மூடிவிட்டோம். மற்ற மூன்றும் எப்படி வரும்? இது சொற்பொழிவாளர்க்கும் ஓதுவார்க்கும் குருக்களுக்கும் பிறரைவிட மிகுதியாக உள்ள இடர். ஆயிரம் முறை சொன்ன வாய்க்குக் கேட்கும் செவி குறைந்துவிடும்.

வறட்சி வந்ததும் புதிய புதிய விரதங்களை மேற்கொள்வதும், ஒரே நாளில் ஒன்பது தலம், பத்துத் தலம் என்று வண்டியேறி ஓடுவதும் இக்காலத்தில் பெருகிவிட்டன. தல யாத்திரை உயர்ந்ததே. ஆனால் அலுப்பைத் தீர்க்க ஊர் சுற்றுகிறவன் புதிய ஊரிலும் அந்த அலுப்பையே இறக்கி வைக்கிறான். உள்ளூர்க் கோயிலில், கூட்டமில்லாத வேளையில், உருகி நிற்கும் ஒருவரைச் சிவகோசரியாரைப் போல மறைவில் நின்று ஒருநாள் காணட்டும். அவர் கல்லாதவராக இருக்கலாம். மந்திரம் பிழையாகச் சொல்பவராகவும் இருக்கலாம். அடியார் கூட்டத்தைப் பெரியோர் இடைவிடாது வேண்டியது இதற்காகவே. ஈர விறகும் எரிகின்ற விறகோடு சேர்ந்து கிடந்தால் பற்றிக்கொள்கிறது.

இன்னும் ஒன்றுண்டு. மனம் அசையாதபோது உடம்பை அசைக்கலாம். சரியைத் தொண்டு எளியோர்க்கு உரியது என்று எண்ணிக் கற்றவர்கள் அதனை விட்டுவிட்டார்கள். திருவதிகையில் திலகவதியார் செய்தது என்ன? பெற்றோரையும், மணம் பேசிய கலிப்பகையாரையும் இழந்து, தம்பி ஒருவனுக்காகவே உயிர் தாங்கியிருந்தவர் அவர். அந்தத் தம்பியும் சமணம் புகுந்து தருமசேனராகிவிட்டார். அம்மையார் வீரட்டானேசுவரர் திருக்கோயிலில் நாள்தோறும் விடியுமுன் அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார், தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று பலகாலும் விண்ணப்பித்தார். ஓர் இரவில் சூலை நோயோடு தம்பி வந்து காலில் விழுந்தார். திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார் தமக்கையார். திருப்பள்ளியெழுச்சி வேளை வந்தது. அத்தனை காலம் வேண்டியது கைகூடிய அந்த விடியலிலும் அம்மையார் அலகையும் மெழுக்கையும் தோண்டியையும் கையில் எடுத்துக்கொண்டார். தம்பியை உடன் அழைத்துக்கொண்டு திருக்கோயிலுக்குள் நுழைந்தார்.